புட்டி யாருடையது?

இருட்டில் தடவிப் பார்த்தாலே அடையாளம் தெரிய வேண்டும். உடைந்து தரையில் கிடந்தாலும் 'இது இன்னதுதான்' என்று சொல்லிவிட வேண்டும். 1915இல் கோகோ கோலா அமெரிக்கக் கண்ணாடிக் கம்பெனிகளிடம் இப்படியொரு புட்டியைக் கேட்டது. இண்டியானா மாநிலம் டெர்ரே ஹோட் நகரத்து ரூட் கம்பெனியின் வரைபடம் தேர்வாயிற்று. பானத்தின் பெயரில் இருப்பவை கோகா இலையும் கோலா கொட்டையும். புட்டியின் வளைவுக்கும் வரிகளுக்கும் மாதிரியாக நின்றதோ கொக்கோ காய், அதாவது சாக்லேட் செய்கிற காய். பானத்துக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. குறிக்கும் பொருளுக்கும் இயல்பான உறவில்லை என்று சொன்ன சசூரின் பாடங்கள் புத்தகமாக வந்தது அடுத்த வருடம், 1916இல்.

இந்தப் புட்டி உலகம் சுற்றியபோது அதன்மீது பல மொழிகள் ஏறின. சீனத்தில் 'கேகோ கேலே': ஓசையும் தப்பவில்லை, 'வாய்க்கு ருசி, மனசுக்குச் சந்தோஷம்' என்ற பொருளும் கிடைத்துவிட்டது. அரபி வலமிருந்து இடமாக ஓடுகிறது. ஆனாலும் எழுத்தின் வால் அதே மாதிரி சுழிகிறது. இஸ்ரேலில் ஹீப்ரு, எத்தியோப்பியாவில் அம்ஹாரிக். 'பாத்தீங்களா, எங்க எழுத்துக்கு எவ்வளவு மரியாதை!' என்று பூரித்துப்போகிறவர்கள் உண்டு. எழுத்து உள்ளூர்க்காரனுடையது, சரி. சுழிப்பும் சிவப்பும் அட்லாண்டாவினுடையது. பன்மைத்தன்மைக்கு இங்கே இடமுண்டு. அந்த இடத்தின் அளவை மையம் தீர்மானிக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

அதிகாரத்தோடு பேரம் என்று வந்துவிட்டால் இந்தக் கறார் எல்லாம் காற்றில் போய்விடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, சோவியத் தளபதி ஜூக்கோவுக்கு இந்தப் பானம் பிடித்துப்போயிற்று. ஏகாதிபத்தியத்தின் சின்னத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியுமா? அவருக்காக நிறம் நீக்கிய பானம் தயாரானது. வளைவில்லாத நேர்ப் புட்டி, வெள்ளை மூடி, அதில் சிவப்பு நட்சத்திரம். வோட்கா மாதிரியே இருந்தது. நிறம், வடிவம், பெயர் எல்லாவற்றையும் கழற்றி வைக்க ஒரு தளபதியின் விருப்பம் போதுமானதாக இருந்தது.

சரி, தளபதியாக இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? நிகராகுவா, எல் சல்வடோர் போன்ற மத்திய அமெரிக்க நாடுகளில் கடைக்காரர் புட்டியைத் திறந்து பானத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஸ்ட்ரா சொருகிக் கொடுப்பார். கண்ணாடிப் புட்டி திரும்பிப் போக வேண்டும். முன்பணம் கட்ட வாங்குகிறவரிடம் காசில்லை. நம்மூர்ப் பெட்டிக்கடையில் கலர் குடித்தவர்களுக்கு இந்த விவகாரம் விளங்கும்: உள்ளே இருக்கிறதுதான் நம்மளுது, பாட்டில் கடைக்காரருது. அந்தப் பையில் எழுத்து இல்லை, சுழிப்பு இல்லை. எந்த விளம்பர நிபுணரும் வரையாத, வறுமை வரைந்த வடிவம் அது.

திரும்பிப் போகிற புட்டியை அரசியலாக வாசித்தவர் பிரேசில் ஓவியர் சில்டோ மெய்ரெலிஸ். 1970, ராணுவ ஆட்சியின் உச்சம். பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அவர் காலிப் புட்டிகளை எடுத்து, 'யாங்கிகளே, வெளியேறுங்கள்' என்பது போன்ற வாசகங்களையும், அதே புட்டியைப் பெட்ரோல் குண்டாக்கும் வரைபடத்தையும் வெள்ளை எழுத்தில் அச்சிட்டுக் கடைகள் வழியே திருப்பி அனுப்பினார். காலிப் புட்டியில் அந்த எழுத்து கண்ணுக்குப் படாது. கறுப்புப் பானம் நிரம்ப நிரம்பத் தெளிவாகும். அதாவது கம்பெனியே ஊற்றி, கம்பெனி லாரியிலேயே ஏற்றி, கம்பெனிக்கு எதிரான பிரதியை ஊர் ஊராக விநியோகித்தது! மையத்தின் வலைப்பின்னலையே விளிம்பு பயன்படுத்திக்கொண்ட இந்த வேலை, புட்டி திரும்பி வரும் என்ற ஒரே காரணத்தால் சாத்தியமானது.

அந்தத் திரும்பி வருதல்தான் பிறகு அறுபட்டது. 1960இல் அமெரிக்கச் சந்தைக்குத் தகர டப்பா வந்தது. 1978இல் இரண்டு லிட்டர் பிளாஸ்டிக் புட்டி. குடித்ததும் புட்டி நம்முடையதாகிவிட்டது. அதாவது குப்பை நம்முடையதாகிவிட்டது. தெருவில் கிடந்தால் 'போட்டவன்தான் குற்றவாளி' என்கிற சொல்லாடலும் தயாராக இருந்தது. 'அமெரிக்காவை அழகாக வைத்திருங்கள்' என்ற இயக்கத்தை 1953இல் முன்னின்று தொடங்கியவர்களே டப்பா, புட்டி முதலாளிகள்தான். ஆனால் 2018இலிருந்து பல நாட்டுத் தன்னார்வலர்கள் கடற்கரைகளிலும் தெருக்களிலும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கி, எந்தக் கம்பெனியுடையது என்று எண்ணத் தொடங்கினார்கள். அடுத்தடுத்த ஆண்டுகளிலும் முதலிடம் கோகோ கோலாவுக்கே. உடைந்து தரையில் கிடந்தாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்ற 1915ஆம் வருடத்து ஆசை இப்படி நிறைவேறியிருக்கிறது.

2030க்குள் விற்பனையில் கால் பங்கையாவது திரும்ப நிரப்பும் கலன்களில் தருவோம் என்று 2022இல் கம்பெனி அறிவித்தது. 2024 டிசம்பரில் வெளியிட்ட புதிய இலக்குகளில் அந்த வாக்குறுதியைக் காணோம். புட்டிமேல் எந்த மொழி இருக்கிறது என்று பார்த்துச் சந்தோஷப்படுவது போதும். காலியான பிறகு அது யாருடையது என்று கேட்க வேண்டிய நேரம் இது.