கறுத்த தோலையும் வெயில் சுடும்

போர்ட்டிக்சனுக்கு ஞாயிற்றுக்கிழமை போய்வரும் குடும்பங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். காலை பத்து மணிக்குக் கடலில் இறங்கிய பிள்ளைகள் பசி எடுத்த பிறகே கரையேறுவார்கள். மாலை வீடு திரும்பும்வரை ஒரு தொந்தரவும் இருக்காது. இரவில் தோளில் சட்டை பட்டாலே பிள்ளை துடிக்கும். "வெள்ளைக்காரனுக்குத்தானே வெயிலில் தோல் உரியும், நமக்கு என்ன?" என்பார் பாட்டி. இரண்டு மூன்று நாளில் தோல் உரியத் தொடங்கும்.

பாட்டி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தோலுக்கு நிறம் கொடுக்கும் மெலனின், சூரியனின் புற ஊதாக் கதிர்களை உள்ளே விடாமல் தடுக்கும் குடை போன்றது. நம்மிடம் அது கூடுதலாக உண்டு. 1979-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, கறுப்பின மக்களின் மேல்தோல் ஏறத்தாழ எஸ்பிஎஃப் 13 அளவுக்கும் வெள்ளையர்களின் தோல் 3 அளவுக்கும் தடுப்புத் தருவதாகக் கணக்கிட்டது. ஒரே தமிழ்க் குடும்பத்தில் அண்ணன் ஒரு நிறம், தங்கை ஒரு நிறம் என்று இருப்பதால் நமக்கென்று ஓர் எண்ணைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த 13-கூட மருந்துக்கடையில் கிடைக்கும் 30, 50 சன்ஸ்கிரீனில் பாதியை எட்டாது.

வெயிலில் நின்றதும் தோல் சற்றுக் கறுப்பது, இருக்கும் மெலனின் நிறம் மாறுவதால்தான். அது சில மணி நேரத்தில் மங்கிவிடும். இரண்டு மூன்று நாள் கழித்துத் தெரியும் கருமைதான் புதிதாகச் சுரந்த மெலனின். உயிரணுக்களின் மரபணுவில் கதிர் பட்டுச் சேதம் ஏற்பட்ட பிறகு, இனியாவது காத்துக்கொள்வோம் என்று உடல் போடும் கூடுதல் குடை அது. பத்து பெரிங்கியிலும் லங்காவியிலும் மணலில் படுத்து உடலைப் பழுப்பாக்கிக்கொள்ளும் சுற்றுப்பயணிகள் தேடுவதும் இதையே. தோல் எரியாமல் கறுக்க முடியும்: சன்ஸ்கிரீன் பூசி, வெயில் தாழ்ந்த நேரத்தில், கொஞ்சம் கொஞ்சமாக. சேதமே இல்லாமல் கறுப்பது மட்டும் முடியாது. அப்படிப் பெற்ற பழுப்பு நிறம் தரும் பாதுகாப்பும் எஸ்பிஎஃப் 3 அல்லது 4 அளவுதான்.

நம் வீடுகளில் கறுக்க வேண்டும் என்று யாரும் வெயிலில் படுப்பதில்லை. நமக்குக் கருமை கேளாமலே வந்து சேர்கிறது. வெந்ததோ பல நேரம் தெரிவதே இல்லை. கறுத்த தோலில் சிவப்பு எடுப்பாகத் தெரியாது. சூடு, இறுக்கம், அரிப்பு, தொட்டால் வலி ஆகியவையே அடையாளம். அதுவும் உடனே வராது. வெயில் பட்டு மூன்று முதல் ஐந்து மணி நேரம் கழித்துத் தொடங்கி, 12 முதல் 24 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும். எரியத் தொடங்கியதும் நிழலுக்குப் போகலாம் என்று காத்திருப்பவருக்கு இதனால்தான் காலம் கடந்துவிடுகிறது.

உச்சி வெயில் என்றால் 12 மணி என்று நினைப்பதும் இங்கே சரிவராது. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டது. கோலாலம்பூரில் இப்போது சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1 மணிக்கும் 1.30-க்கும் இடையில். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே இறங்கும் நேரமும், பள்ளி விட்டுப் பிள்ளைகள் நடந்து வரும் நேரமும் அதுவே. காலை 11 முதல் மாலை 4 வரை கவனம் தேவை. புற ஊதாக் குறியீடு 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 11-க்கு மேல் கடுமையின் உச்சம். வானம் தெளிந்த நாளில் நம் ஊர் உச்சிவேளை 11-ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சிங்கப்பூரில் தேசியச் சுற்றுப்புற வாரியம் இந்தக் குறியீட்டை மணிக்கு மணி வெளியிடுகிறது. கைப்பேசி கையில் இல்லாதவர் தரையைப் பார்க்கலாம். நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமை.

சூட்டை வைத்துக் கதிரை அளக்கக் கூடாது. மெல்லிய மேகத்தின் வழியே 80 விழுக்காடு வரை கதிர் இறங்கும். கடலில் அரை மீட்டர் ஆழத்திலும் மேற்பரப்பில் உள்ளதில் 40 விழுக்காடு இருக்கும். ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் கதிர் 10 விழுக்காட்டுக்குமேல் கூடும். கேமரன் மலைக்குக் குளிருக்காகப் போகிறவர் தொப்பியை வீட்டிலேயே விட்டுப் போவது தவறு. அங்கே தேயிலை பறிக்கும் பெண்கள் தலையில் துணி, நீளக்கைச் சட்டை, அதற்குமேல் தொப்பி என்று நிற்பதில் அர்த்தம் இருக்கிறது. செம்பனை முற்றிய தோட்டத்தில் ஓலை நிழல் கிடைக்கும். மறுநடவு செய்த இளங்கன்றுக் காட்டில் அதுவும் கிடையாது. நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நல்லது. மெல்லிய வெள்ளை டீ-சட்டை நனைந்துவிட்டால் கதிரை இன்னும் கூடுதலாக உள்ளே விடும். மோட்டார் சைக்கிளில் போகிறவர்கள் ஜாக்கெட்டை முன்பக்கம் பின்பக்கமாக மாற்றிப் போடுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. கைக்கு அதைவிட மலிவான காப்பு இல்லை.

தைப்பூசத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். பத்துமலையில் முடி இறக்கிய தலை, அதுவரை வெயிலையே காணாத தோல். அதோடு வரிசையில் நின்று 272 படி ஏறி இறங்குவதற்குள் உச்சந்தலையும் காது மடலும் பின்கழுத்தும் வெந்துவிடும். கைக்குழந்தைக்கு இன்னும் விரைவாக. சந்தனம் குளிர்ச்சி தரும்; கதிரைத் தடுக்கும் என்று அதை நம்ப வேண்டாம். முடிந்தால் காலையிலேயே முடி இறக்கிவிட்டு, சன்னிதியை விட்டு வெளியே வந்ததும் தலையைத் துணியால் மூடலாம். குடை இருந்தால் மிக நல்லது.

சன்ஸ்கிரீன் வாங்கும்போது எஸ்பிஎஃப் 30 போதும். 30 என்பது தோலை எரிக்கும் யுவிபி கதிரில் 97 விழுக்காட்டையும், 50 என்பது 98 விழுக்காட்டையும் தடுக்கும். விலை வித்தியாசத்துக்கு அந்த ஒரு விழுக்காடு தேவையா என்று யோசிக்கலாம். யுவிஏ கதிர் கண்ணாடியையும் ஊடுருவி லோரி ஓட்டுநரின் வலது கையைக் கறுக்க வைக்கும் என்பதால், 'பிஏ' எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் கூடுதலாக உள்ளதை எடுங்கள். துத்தநாகம் கலந்த சில வகைகள் நம் முகத்தில் சாம்பல் பூசியதுபோல் நிற்கும். அது பிடிக்காமல் பூசுவதையே விட்டவர்கள் பலர். சாயம் கலந்தவையும் நிறமின்றி மறைபவையும் இப்போது கிடைக்கின்றன. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் போதும். வெளியே போக 20 நிமிடம் முன்பே பூசி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும் குளித்தெழுந்த பிறகும் மீண்டும் பூச வேண்டும். தேங்காய் எண்ணெய் இதற்கு ஈடாகாது.

வெயிலைவிடப் பெரிய ஆபத்து சில வேளைகளில் அதற்குப் பிறகு வருகிறது. கறுத்துவிட்டோமே என்று பசார் மாலாமிலும் இணையத்திலும் வெளுப்புக் கிரீம் வாங்குவதைத்தான் சொல்கிறோம். பாதரசம், ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின், ஸ்டீராய்டு கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டு, சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் என்பிஆர்ஏ பலமுறை இத்தகைய பொருள்களின் அனுமதியை ரத்து செய்துள்ளது. பாதரசம் மெலனின் சுரப்பதையே முடக்குகிறது. அதாவது, இருக்கும் குடையையும் பிடுங்கிவிடுகிறது; சிறுநீரகத்தையும் கெடுக்கிறது. வாங்குமுன் டப்பியில் 'என்ஓடி' என்று தொடங்கும் பதிவெண் இருக்கிறதா என்று பார்த்து, என்பிஆர்ஏ இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். முகத்தில் எலுமிச்சைச் சாறு தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்குவதும் வேண்டாம். அந்தச் சாறும் கதிரும் சேர்ந்தால் கொப்பளம் வந்து, மாதக்கணக்கில் கறை நிற்கும்.

வெந்துவிட்டால் குளிர்ந்த நீர், நனைத்த துணி, வாசனை இல்லாத லோஷன், நிறையத் தண்ணீர், வலிக்குப் பாரசிட்டமோல். பற்பசை, பனிக்கட்டி எதுவும் கூடாது. கொப்பளத்தை உடைக்கவும் கூடாது. பரவலாகக் கொப்பளித்தாலோ, காய்ச்சல், வாந்தி, தலைசுற்றல் வந்தாலோ, வெந்தது கைக்குழந்தையாக இருந்தாலோ உடனே கிளினிக்குக்குப் போக வேண்டும். கொஞ்ச வெயிலிலேயே அடிக்கடி எரிகிறது என்றால் சாப்பிடும் மருந்தும் காரணமாக இருக்கலாம். இரத்த அழுத்தத்துக்குத் தரப்படும் ஹைட்ரோகுளோரோதையசைடு, கிருமிக்கொல்லியான டாக்சிசைக்ளின் இரண்டும் அப்படிச் செய்யக்கூடியவை. மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடாமல், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது மருந்துப் பையைக் கையோடு எடுத்துப்போய் மருத்துவரிடம் கேட்கலாம்.