உப்புச் சட்டியும் சர்வர் சுந்தரமும்

"மூணு நாளா அலையறேன் சார். சர்வர் இல்லையாம்."

மரக்காணத்து உப்பள வரப்பில் நின்றபடி அந்த அக்கா இப்படிச் சொன்னதும் எனக்கு ஒரு கணம் ஓட்டல் ஞாபகம்தான் வந்தது. ஆனால் விவகாரம் ஓட்டல் இல்லை. ஏதோ ஒரு சான்றிதழ். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பதெல்லாம் வேண்டாம். போகிறபோதெல்லாம் கவுன்டரில் ஒரே பதில். சர்வர் இல்லை. சர்வர் படுத்துடுச்சு. நாளைக்கு வா.

ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. மூன்று நாள் போயாகிவிட்டது.

பலகையைக் கீழே வைத்துவிட்டு அந்த அக்கா கேட்டார். "சர்வர்னா யாரு சார்? அவருதான் கையெழுத்துப் போடணுமா?"

சிரிக்காதீர்கள். படித்த நமக்கும் இதற்கு உருப்படியாகப் பதில் சொல்லத் தெரியாது. தவிரவும், அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. தமிழ்நாட்டுக்கு சர்வர் என்றால் ஆள்தான். 1964-ல் ஏவி.எம். எடுத்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் நாகேஷ் கை கொள்ளாமல் டபரா செட்டுகளை அடுக்கிக்கொண்டு வருவாரே, அவர்தான் நமக்கு சர்வர். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்கிறவர்.

வேடிக்கை என்னவென்றால், கம்ப்யூட்டர்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்ததும் கிட்டத்தட்ட இதே அர்த்தத்தில்தான். டென்மார்க்கில் எர்லாங் என்கிற கணித மேதை, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அழைப்புகள் எப்படி வரிசை கட்டி வருகின்றன என்று 1909-ல் ஒரு கணக்குப் போட்டார். வரிசையில் நிற்பவர்களைப் பற்றிய கணிதம் அதிலிருந்து வளர்ந்தது. 1953-ல் கெண்டல் என்கிற ஆங்கிலேயர் அதை ஒழுங்குபடுத்தி எழுதியபோது, வரிசையின் மறுமுனையில் நின்று கவனிக்கிறவருக்கு 'சர்வர்' என்று பேர். 1969-ல், இன்டர்நெட்டுக்கு மூத்த அண்ணனான அர்பாநெட்டின் ஆரம்ப ஆவணங்களிலேயே இந்தச் சொல் வந்துவிட்டது. நாகேஷ் படம் வந்து ஐந்து வருஷம் கழித்து.

ஆக, க்யூ, கவுன்டர், கேட்டதைக் கொடுக்கிற ஆள். அந்த அக்கா கேட்டது அட்சர சுத்தமான கேள்வி.

சர்வர் மட்டுமில்லை. அந்த உலகத்தின் பெரிய பெரிய கலைச்சொற்களை உரித்துப் பார்த்தால் உள்ளே சமையலறையும் கொல்லைப்புறமும்தான் இருக்கும். கெர்னல் என்றால் கொட்டைக்குள் இருக்கும் பருப்பு. ஷெல் என்றால் அதன் ஓடு. ரூட் என்றால் வேர். பேட்ச் என்றால் கிழிசலுக்குப் போடும் ஒட்டு. யாரும் கூப்பிடாமல் பின்னணியில் தானாக வேலை செய்துகொண்டிருக்கும் புரோகிராமுக்கு டீமன் என்று பேர். பூதம்! 1963-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வைத்த பேர் அது. பூட் செய்வது என்கிறோமே, அது பூட்ஸைப் பிடித்துத் தன்னைத்தானே தூக்கிக்கொள்வது என்கிற கேலியில் பிறந்த சொல். யாரும் கமிட்டி போட்டு உட்கார்ந்து யோசிக்கவில்லை. மெஷினோடு மல்லுக்கட்டியவர்கள் கைக்கு எட்டிய சொல்லை எடுத்து ஒட்டிவிட்டார்கள்.

நமக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லையா என்ன? அந்த வரப்பிலேயே பதில் இருந்தது.

மரக்காணத்தில் உப்பளம் மூவாயிரம் ஏக்கருக்கு மேல். தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள். ஊர் பழசு. சிறுபாணாற்றுப்படை பேசுகிற எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. உப்பு வண்டிகளோடு ஊர் ஊராகப் போன உமணர்களைச் சங்கப் புலவர்கள் விதவிதமாகப் பாடியிருக்கிறார்கள்.

உப்பு எடுக்கும் இடத்துக்கு ஆங்கிலத்தில் சால்ட் பேன். பேன் என்றால் சட்டி. ஏன் சட்டி? இங்கிலாந்தில் வெயில் போதாது. செஷயர் பக்கமெல்லாம் உப்புத் தண்ணீரை இரும்புச் சட்டியில் ஊற்றி, அடுப்பு மூட்டிக் காய்ச்சித்தான் உப்பு எடுத்தார்கள். அவன் கண்ணுக்குச் சட்டி தெரிந்தது, சட்டி என்றான்.

நம் ஆள் கண்ணுக்கு என்ன தெரிந்தது? கட்டம் கட்டமாக வரப்பு, நடுவில் தண்ணீர், மேலே வெயில். கீரை போடுகிற இடம் மாதிரியே இருக்கிறது. பாத்தி என்றான். பாத்தி என்று சொல்லிவிட்ட பிறகு உப்பு அதில் 'விளைய'த்தானே வேண்டும்? நாம் உப்பை உற்பத்தி செய்வதில்லை. விளைவிக்கிறோம். மொத்த இடத்துக்கும் அளம் என்று பேர்.

எந்த மொழிபெயர்ப்பாளராவது புகுந்து இதற்கு 'உப்புச் சட்டி' என்று கலைச்சொல் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பலகையாலேயே அடித்திருப்பார்கள்.

அந்த அக்கா பேச்சில் இன்னொரு சொல்லும் வந்தது. டிகிரி. "டிகிரி ஏறாம திறந்துவிட்டா உப்பு நிக்காது சார்" என்றார். உப்புத் தண்ணீரில் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டு அடர்த்தி பார்ப்பார்கள். போமே என்கிற பிரெஞ்சுக்காரர் 1768-ல் கொண்டுவந்த அளவு. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. 25 வாக்கில் உப்பு கட்ட ஆரம்பிக்கும். 30-ஐ நெருங்குவதற்குள் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிவிட வேண்டும். விட்டால் உப்பு கசக்கும். பிரெஞ்சுக்காரரின் பேர் காற்றோடு போய்விட்டது. டிகிரி மட்டும் தங்கிவிட்டது. பாத்திக்குப் பக்கத்திலேயே, ஒரு சண்டையும் இல்லாமல்.

கவனியுங்கள். பாத்தி நம்முடையது, டிகிரி இரவல். அளத்துக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். வேலைக்கு ஆகிறதா என்பது மட்டும்தான் கேள்வி.

இதைக் கும்பெனிக்காரனும் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. 1805-ல் சென்னை ராஜதானியின் உப்பு வியாபாரம் மொத்தத்தையும் கிழக்கிந்தியக் கம்பெனி தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. உப்பு எவ்வளவு என்று கணக்கு எழுத வேண்டுமே, எந்த அளவில் எழுதுவது? நம் ஊர் அளவில். 400 மரக்கால் ஒரு கரிசை. கம்பெனியின் இங்கிலீஷ் ஏடுகளில் இந்தக் கரிசை 'கார்ஸ்' ஆனது. மரக்கால் 'மர்க்கால்' ஆனது. 1886-ல் வந்த ஹாப்ஸன் ஜாப்ஸன் அகராதியில் கார்ஸுக்குத் தனிப் பதிவே உண்டு. ஆள வந்தவனிடம் துப்பாக்கி இருந்தது. ஆனால் அளக்கிற மரக்கால் இவன் கையில் இருந்தது. ஆகவே சொல்லும் இவனுடையது. கட்டுமரம் இங்கிலீஷில் 'கட்டமரான்' ஆனதும் இப்படித்தானே?

இதில் ஒரு சமாசாரம் ஒளிந்திருக்கிறது. அளவின் பேர் தெரிந்தவனால் சண்டை போட முடியும். மரக்கால் குறைகிறது என்று சொல்ல முடியும். இன்றைக்கும் டிகிரி பற்றி அந்த அக்காவிடம் மேஸ்திரி கதை விட முடியாது. அவர் சொல் அது. சர்வர் விஷயத்தில் மட்டும் மூன்று நாள் வாயை மூடிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார்.

சரி, கலைச்சொல் விஷயத்தில் நாம் சும்மாவா இருந்தோம்? இல்லவே இல்லை.

சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்கிற அமெரிக்க டாக்டர் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். தமிழ்ப் பையன்களுக்குத் தமிழிலேயே மேல்நாட்டு மருத்துவம் சொல்லிக் கொடுப்பது என்று முடிவெடுத்து, ஆயிரக்கணக்கான பக்கங்கள் தமிழில் கொண்டுவந்தார். 1873-ல் ஊர் திரும்பினார். தன் கல்லறையில் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று பொறிக்கச் சொன்ன மனிதர். அவர் உண்டாக்கிய சொற்கள் சும்மா கிடக்கவில்லை. அவற்றை வைத்துக்கொண்டு எதிரே நோயாளி இருந்தார், அறுவைக் கத்தி பிடித்த மாணவன் இருந்தான்.

1916-ல் சேலத்தில் ராஜாஜி, தமிழில் விஞ்ஞானச் சொற்களை உண்டாக்க ஒரு சங்கமே அமைத்தார். அதே ராஜாஜிதான் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்துபோய் உப்பு அள்ளி ஜெயிலுக்குப் போனவர். பிற்காலத்தில் ரசாயனத்தைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகம் எழுதியபோது அவர் வைத்த தலைப்பு, 'திண்ணை ரசாயனம்'. உப்பையும் சொல்லையும் சேர்த்து அள்ளியவருக்கு, ரசாயனத்தை எங்கே உட்கார வைக்கவேண்டும் என்று தெரிந்திருக்கிறது. திண்ணையில்.

கம்ப்யூட்டர் வந்த பிறகும் வேலை நடந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. தமிழ் கீபோர்டுக்கு ஒரு தரம் பிறந்தது அதை ஒட்டித்தான். அதே காலகட்டத்தில் ஊர் ஊராக, நாடு நாடாக இருந்த தன்னார்வலர்கள் காசு பணம் வாங்காமல் லினக்ஸைத் தமிழாக்கினார்கள். கடவுச்சொல், கோப்பு, மின்னஞ்சல், இணையம், பதிவிறக்கம். இதையெல்லாம் இன்று பத்திரிகையில் அடைப்புக்குறி இல்லாமல் எழுதுகிறோம். காரணம், அவை நம் விரல் நுனிக்கு வந்துவிட்டன. தினமும் தொடுகிறோம்.

சர்வருக்கும் சொல் உண்டு. ஒன்றுக்கு இரண்டாகவே உண்டு. லினக்ஸ்காரர்கள் வழங்கி என்றார்கள். பாடப்புத்தகம் சேவையகம் என்றது. இரண்டும் நல்ல சொல்தான். ஆனால் சர்வர் இருக்கிற அறைக்குள் இரண்டுமே நுழையவில்லை. சென்னையைத் தாண்டி சிறுசேரி பக்கம் போனால் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் நிற்கின்றன. உள்ளே ஆளுயர இரும்பு அலமாரிகளில் சர்வர்கள் தட்டுத் தட்டாக உறுமிக்கொண்டிருக்கும். கேபிள் இழுக்கிறவர், ஏ.சி. பார்க்கிறவர், ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் எல்லாரும் நம் ஆட்கள்தான். அவர்களுக்கு அது ரேக், பேக்கப், ஃபைபர். அவர்களிடம் போய் இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் என்று எந்தக் கமிட்டியும் கேட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் படிக்க ஒரு தமிழ்க் கையேடு போனதாகவும் தெரியவில்லை.

நான் பி.காம். படித்தவன். இந்த விபத்தை என் பாடத்திலேயே பார்த்திருக்கிறேன். நகரத்தார் கடைகளில் தலைமுறை தலைமுறையாக ஐந்தொகை என்று ஒரு சொல் புழங்கியது. வரவு, செலவு, பற்று எல்லாம் திரண்டு வந்து நிற்கிற இடம். பேலன்ஸ் ஷீட் தமிழ்ப் பாடப்புத்தகத்துக்கு வந்தபோது அதன் பேர் 'இருப்புநிலைக் குறிப்பு'. தப்பில்லை. அர்த்தம் சரிதான். ஆனால் கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதிய ஒரு சொல் இருக்க, வகுப்பில் உட்கார்ந்து யோசித்த ஒரு சொல் எதற்கு?

அதற்குப் பதில், பேரேடு பிழைத்துக்கொண்டது. கடையிலும் அதே, புத்தகத்திலும் அதே. இரண்டு இடத்திலும் ஒரே சொல் இருந்தால் கணக்குப்பிள்ளையும் பட்டதாரியும் ஒருத்தரை ஒருத்தர் கேள்வி கேட்கலாம். கலைச்சொல் என்பதற்கு இதைவிடப் பெரிய உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

அந்த அக்காவுக்கு வருவோம். பதில் சொல்லியாக வேண்டுமே. வழங்கி என்று சொல்லிப் பார்த்தேன். "யாரு வழங்குவாங்க?" என்றார். சேவையகம் என்றேன். "அது எந்த ஆபீசு?" என்றார்.

கடைசியில் கையைக் காட்டினேன். "அக்கா, அந்தப் பெரிய பாத்தியில தண்ணியைத் தேக்கி வைக்கறீங்க இல்ல? அங்கேருந்துதானே இந்தச் சின்னப் பாத்திக்கெல்லாம் போவுது? எல்லார் விவரமும் அந்த மாதிரி ஒரு எடத்துல தேங்கி இருக்கும். கவுன்டருல கேட்டா அங்கேருந்து வரும். அதுதான் சர்வர். ஆள் இல்ல, மெஷினு."

கொஞ்ச நேரம் யோசித்தார். பெரிய பாத்தியைப் பார்த்தார். பிறகு பலகையை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"சரி சார். பெரிய பாத்திக்குத் தண்ணி வரலைன்னா பாக்கறதுக்கு இங்க ஆள் இருக்குது. அதுக்குப் பாக்கற ஆள் யாரு?"

எட்டாயிரம் மைல் தள்ளி, பல பல்கலைக்கழகங்களில் சர்வர் நிர்வாகம் என்று ஒரு படிப்பே நடத்துகிறார்கள். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

"இதையே நாளைக்கு கவுன்டர்ல கேளுங்கக்கா" என்றேன்.