கசிந்தது எங்கே போயிற்று?

நாவல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் அத்தியாயம் 1940-ல் அமெரிக்காவில் நடக்கிறது. அங்கே வரும் கனவானுக்குத் தாராளமாக ஒரு பாக்கார்டு கார் கொடுத்தேன். காருக்குள் குளிர்சாதனமும் வைத்தேன். "குளிர் அதிகமாகவே, விசையைத் திருகி யந்திரத்தை நிறுத்தினார்" என்று எழுதியிருந்தேன்.

பழைய கார்களில் பித்துக்கொண்ட நண்பர் ஒருவர் பிரதியைப் படித்துவிட்டுச் சிரித்தார். "ஐயா, உங்கள் கனவான் காரை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, முன்மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கழற்றியிருக்க வேண்டும்!" என்றார்.

விசாரித்துப் பார்த்தேன், அவர் சொன்னதுதான் சரி. 1939 நவம்பரில் சிகாகோ கண்காட்சியில் பாக்கார்டு கம்பெனி இந்தச் சௌகரியத்தை உலகத்துக்குக் காட்டிற்று. விலை 274 டாலர். குளிர்விக்கும் குழாய்கள் பின்புறச் சாமான் பெட்டியில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டன. விசிறியை நிறுத்த விசை உண்டு. வாயுவை அழுத்தும் கம்ப்ரஸரை நிறுத்த வழியில்லை. என்ஜின் ஓடும்வரை அதுவும் ஓடும். 1941-க்குப் பிறகு பாக்கார்டு இதைக் கைவிட்டது. 1954-ல் நாஷ் கம்பெனி எல்லாப் பாகங்களையும் காரின் முன்பக்கத்திலேயே அடக்கி, விலையையும் ஓரளவு கட்டுக்குள் வைத்த பிறகுதான் நடுத்தர மக்களுக்கும் ஆசை பிறந்தது.

ஆசையோடு உபத்திரவமும் பிறந்தது. குளிர் வரவில்லையென்றால் பெரும்பாலும் வாயு கசிந்திருக்கும். அந்த வாயுவின் பெயர் பிரியான்-12. கண்ணுக்குத் தெரியாது, மணமும் இல்லை. நாள் கணக்கில் ஓடாமல் நின்ற காரில் கம்ப்ரஸர் தண்டைச் சுற்றியுள்ள அடைப்பு வறண்டு வழிவிட்டுவிடும். வாயுவோடு எண்ணெயும் சேர்ந்து ஓடுவதால், இணைப்புகளில் பிசுக்கும் புழுதியும் படிந்திருக்கிறதா என்று மெக்கானிக் முதலில் பார்ப்பார். சோப்பு நீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். அதற்கும் அகப்படாவிட்டால் ஒரு சிறு விளக்கு இருந்தது. அதன் சுடரில் செப்புத் தகடு காய்ந்துகொண்டிருக்கும். கசியும் வாயு பட்டால் சுடர் பச்சையாக மாறும்!

இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் இருக்குமா? குறைந்த வாயுவை மறுபடி நிரப்பி அனுப்பிவிடுவது சுலபம். அடுத்த கோடையில் மறுபடி நிரப்பினால் போயிற்று. "எங்கே கசிகிறது?" என்று கேட்டவர்கள் உண்டு. "கசிந்தது எங்கே போயிற்று?" என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காததற்கும் காரணம் இருந்தது. முன்பு குளிர்ப்பெட்டிகளில் இருந்த அம்மோனியாவும் கந்தக வாயுவும் கசிந்தால் ஆளுக்கே ஆபத்து. அதற்கு மாற்றாகத்தான் தாமஸ் மிட்ஜ்லி என்ற விஞ்ஞானி 1928-ல் பிரியானைக் கண்டுபிடித்தார். 1930-ல் அறிஞர் சபையில் அதைத் தாமே மூச்சில் இழுத்து, ஊதி, எரியும் மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார். விஷமும் இல்லை, தீயும் பற்றாது! அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை. 1944-ல் அவர் காலமானபோதும் அது சாதுவான வாயு என்றே உலகம் நம்பிற்று.

எதனோடும் எளிதில் சேராத அந்தச் சாதுத்தனமே வினையாயிற்று. கீழே அழியாமல் அது மெல்ல மேலே ஏறிற்று. அங்கே சூரியனின் கதிர் பட்டு உடைந்து, நம்மைக் காக்கும் ஓசோனை அழிக்கும் என்று 1974-ல் மொலீனாவும் ரோலண்டும் எழுதினார்கள். 1985-ல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் பெரிதும் மெலிந்திருப்பதைப் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். 1987-ல் மான்ட்ரீலில் ஒப்பந்தம் பிறந்தது. 1990-களின் நடுவில் புதுக் கார்களில் வேறு வாயு வந்தது.

நண்பர் இப்போது பழைய கார் எதையும் திறக்கும் முன், உள்ளே மிச்சமிருக்கும் வாயுவைத் தனிச் சிலிண்டரில் பிடித்துவைக்கிறார். புது வாயுவுக்குப் பழைய எண்ணெய் ஒத்துவராது என்று அதையும் மாற்றுகிறார். "இத்தனை சிரமம் எதற்கு? ஒரு காரில் இருப்பது எவ்வளவு?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அப்படித்தானே கேட்டார்கள்?" என்றார்.

பிரியான்-12 ஆகாயத்தில் சுமார் நூறு வருஷம் தங்குமாம். அப்படியானால் 1940-ல் கசிந்ததில் ஒரு பங்கு இன்னும் நம் தலைக்கு மேலே இருக்கிறது. என் கனவானை நான் பெல்ட்டைக் கழற்றவைத்துவிட்டேன். அந்த வரியைத் திருத்த எனக்கு அரை நிமிஷம்தான் ஆயிற்று.