நடுவழித் தீர்மானத்துக்குக் கிடைத்த 75 வாக்குகள்

1964 ஜூன் 6, 7 ஆம் திகதிகளில் லங்கா சமசமாஜக் கட்சியின் விசேட மாநாடு நடைபெற்றது. ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கத்தில் சேர்வதா, இல்லையா என்பதே கேள்வி. மாநாட்டின் முன் மூன்று தீர்மானங்கள் இருந்தன. சேர வேண்டும் என்ற கலாநிதி என்.எம். பெரேராவின் தீர்மானத்துக்கு 500க்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. கூடவே கூடாது என்ற எட்மண்ட் சமரக்கொடி, பாலா தம்பு அணியினரின் தீர்மானத்துக்கு 159 வாக்குகள். இரண்டுக்கும் இடையில் ஒரு வழி காண முயன்ற கொல்வின் ஆர். டி சில்வா, லெஸ்லி குணவர்தன ஆகியோரின் தீர்மானத்துக்கு 75 வாக்குகளே கிடைத்தன.

கட்சியின் தலைசிறந்த பேச்சாளரும் அதன் மூத்த சிந்தனையாளரும் கைகோத்து முன்வைத்த யோசனைக்குப் பேராளர்களில் பத்தில் ஒரு பங்கினரே கை உயர்த்தினார்கள். அது ஏன் என்பது ஆராயத்தக்கது.

1935 இல் தோன்றிய இக்கட்சி, 1960 மார்ச் தேர்தலில் தனித்து ஆட்சியமைக்கும் நோக்குடன் நூறு வரையிலான வேட்பாளர்களை நிறுத்திப் பத்து ஆசனங்களையே பெற்றது. அந்த அடியிலிருந்து மீள இருவேறு பாதைகள் தேடப்பட்டன. ஒன்று, சுதந்திரக் கட்சியை அண்டிப் போதல். மற்றது, இடதுசாரிகளை ஒன்று திரட்டல். இரண்டாவது பாதையின் விளைவே சமசமாஜக் கட்சி, கம்யூனிஸ்ட் கட்சி, பிலிப் குணவர்தனவின் மக்கள் ஐக்கிய முன்னணி ஆகிய மூன்றும் 1963 ஆகஸ்ட் 12 இல், அதாவது 1953 ஹர்த்தாலின் பத்தாண்டு நிறைவன்று, கைச்சாத்திட்ட ஐக்கிய இடதுசாரி முன்னணி. தொழிற்சங்கங்களும் 21 கோரிக்கைகளுடன் ஒன்றுபட்டு நின்றன. 1964 மார்ச்சில் பாராளுமன்றக் கூட்டத்தொடரை முடித்துவைத்த ஸ்ரீமாவோ அம்மையார், என்.எம்முடன் பேச்சு நடத்தத் தொடங்கினார்.

கொல்வினும் லெஸ்லியும் சொன்னது இதுதான்: சுதந்திரக் கட்சியுடன் கூட்டரசாங்கம் அமைக்கலாம், ஆனால் சமசமாஜக் கட்சி தனியே போகக் கூடாது, இடதுசாரி முன்னணி முழுவதுமாகவே போக வேண்டும். காகிதத்தில் இதைவிட நேர்த்தியான சமரசம் இருக்க முடியாது. கூட்டரசாங்கம் கேட்டோருக்குக் கூட்டரசாங்கம். இடதுசாரி ஒற்றுமை கேட்டோருக்கு ஒற்றுமை.

ஆனால் அதை நிறைவேற்றும் அதிகாரம் மாநாட்டு மண்டபத்தில் இருந்த எவரிடமும் இருக்கவில்லை. முன்னணி முழுவதையும் ஏற்பதா என்பது ஸ்ரீமாவோ அம்மையாரின் முடிவு. 1959 இல் அமைச்சர்களின் 'வேலைநிறுத்தம்' ஒன்றின் மூலமே எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் அமைச்சரவையிலிருந்து பிலிப் குணவர்தன வெளியே தள்ளப்பட்டார். அந்தக் கசப்பைச் சுமந்திருந்த கட்சி பிலிப்பை மீண்டும் வரவேற்கும் என எதிர்பார்ப்பது கடினம். சேர விரும்பிய பேராளருக்கு நடுவழித் தீர்மானம் வாய்ப்பைக் கைநழுவ விடுவதாகத் தெரிந்தது. எதிர்த்தவருக்கோ அது தவணை முறையிலான சரணாகதி.

மாநாடு முடிந்ததும் எதிரணியினர் வெளியேறித் தனிக்கட்சி கண்டனர். நான்காம் அகிலம் சமசமாஜக் கட்சியை விலக்கியது. என்.எம். நிதியமைச்சரானார், அனில் முனசிங்கவும் சொல்மொண்டலி குணவர்தனவும் அமைச்சர்களாயினர். அந்த அரசாங்கம் ஆறு மாதங்கூட நிலைக்கவில்லை. பத்திரிகைச் சட்டமூலத்தை முன்னிட்டு சி.பி. டி சில்வா குழுவினர் கட்சி மாற, 1964 டிசம்பர் 3 இல் 74க்கு 73 என்ற கணக்கில் அது தோற்றது. வெளியேறிய சமரக்கொடியும் மெரில் பெர்னாண்டோவும் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தவர்களுள் அடங்குவர். ஒரேயொரு வாக்கு! அந்த இருவரைக் கட்சிக்குள் வைத்திருந்திருந்தால் என்று கணக்குப் பார்த்த சமசமாஜிகள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

தமிழ் மக்களுக்கு இதில் என்ன நேர்ந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1948 இல் மலையக மக்களின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்டபோது எதிர்த்து நின்ற கட்சி, 1956 இல் சிங்களத்துக்கும் தமிழுக்கும் சமஅந்தஸ்து கேட்ட கட்சி இது. அக்கட்சி அமைச்சரவையில் இருந்தபோதுதான் 1964 ஒக்டோபர் 30 இல் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளப்பட வேண்டியவர்கள். அந்த மக்களின் விருப்பத்தை எவரும் கேட்கவில்லை. 1966 ஜனவரி 8 இல் தமிழ் மொழி விசேட ஏற்பாடுகளுக்கான ஒழுங்குவிதிகளை எதிர்த்துத் தெருவில் இறங்கியோரிடையே சமசமாஜிகளும் இருந்தார்கள்.

கொல்வினும் லெஸ்லியும் தோற்ற பின்னர் கட்சியை விட்டுப் போகவில்லை. 1964 இல் அவர்களுக்கு அமைச்சுப் பதவி இல்லை. ஆனால் 1970 இல் இருவரும் அமைச்சர்கள். நிபந்தனையோடு கூட்டணியை ஏற்கச் சொன்னவர்கள், நிபந்தனை நிராகரிக்கப்பட்டபின் கூட்டணியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுதல் என்று அதற்குப் பெயரிடலாம். என்.எம். குறைந்தபட்சம் தான் கேட்டதைப் பெற்றார் என்றே எனக்குத் தோன்றுவதுண்டு.

1972 மே 22 இல் பிரகடனஞ் செய்யப்பட்ட குடியரசு அரசியலமைப்பின் சிற்பி, அரசியலமைப்பு விவகார அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவே. சோல்பரி யாப்பின் 29 ஆவது பிரிவு அதில் இடம்பெறவில்லை. பௌத்தத்துக்கு முதன்மை இடமும் சிங்களத்துக்கு அரசகரும மொழி என்ற நிலையும் இடம்பெற்றன. ஒரு மொழி என்றால் இரு நாடு என்று 1956 இல் பாராளுமன்றத்தில் எச்சரித்தவரும் அவரே.

1975 செப்டெம்பரில் சமசமாஜ அமைச்சர்களை ஸ்ரீமாவோ அம்மையார் வெளியேற்றினார். 1977 தேர்தலில் அக்கட்சிக்கு ஓர் ஆசனமும் கிடைக்கவில்லை.