விலை போடாத புத்தகங்கள்: ஜோசப் இஷில்லின் அச்சகமும் அரசின்மைவாதமும்

ஜோசப் இஷில்லை அச்சுக்கலை வரலாறு அழகியல்வாதியாகப் பதிவு செய்கிறது. அரசின்மைவாத வரலாறோ பெரியவர்களின் எழுத்தை அச்சிட்டுத் தந்த ஊழியராக ஓரிரு வரியில் முடித்துவிடுகிறது. இரண்டும் குறைப்பார்வை. தம் அரசியலை அவர் கட்டுரைகளில் சொன்னதைவிட உழைத்த முறையில்தான் அழுத்தமாகச் சொன்னார் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1888இல் ருமேனியாவில் யூதக் குடும்பத்தில் பிறந்த இஷில், 1909இல் அமெரிக்கா சென்றார். அதே ஆண்டு அக்டோபரில் பள்ளிச் சீர்திருத்தவாதி பிரான்சிஸ்கோ ஃபெரர் பார்சிலோனாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். ஃபெரரின் நினைவாக நியூயார்க்கில் தோன்றிய நவீனப் பள்ளி 1915இல் நியூஜெர்சியின் ஸ்டெல்டனுக்கு இடம்பெயர்ந்தது. அங்கே பிள்ளைகளுக்கு அச்சுக்கோக்கக் கற்றுக்கொடுத்தவர் இஷில். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவலம் மாறிக் கோத்து, மையிட்டு, தாளை உரித்தெடுக்கும் பிள்ளை, அச்சில் வந்ததெல்லாம் வேதம் என்ற மயக்கத்திலிருந்து விடுபடுகிறது. புத்தகம் மனிதக் கை செய்யும் பொருள் என்று கண்டுகொள்கிறது. ஃபெரரின் பகுத்தறிவுக் கல்விக் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான செயல்விளக்கம் இருக்க முடியாது.

பின்னர் அதே மாநிலத்தின் பெர்க்லி ஹைட்ஸில் அவருடைய ஓரியோல் அச்சகம் நடந்தது. பகலில் வணிக அச்சகங்களில் கூலிக்கு அச்சுக்கோத்தவர், எஞ்சிய நேரத்தில் வீட்டில் தமக்காகக் கோத்தார். அரசின்மைவாதி குரோப்போட்கின் பற்றிய தொகுப்பு 1923இலும் அதே கொள்கையினரான ரெக்லூ சகோதரர்கள் பற்றியது 1927இலும் வந்தன. வாழ்நாளில் அவர் அச்சிட்ட நூல்களும் சிறுவெளியீடுகளும் 200ஐத் தாண்டும். அவற்றில் பெரும்பகுதியை விற்காமல் கொடுத்துவிட்டார்.

1932இல் வந்த ஒரு சிறுநூலைப் பார்ப்போம். 1912இல் மறைந்த அரசின்மைவாத எழுத்தாளர் வோல்டரின் டி கிளேர் பற்றி அதே இயக்கத்தின் எம்மா கோல்ட்மன் எழுதியது, 200 படிகள். கோல்ட்மனை அமெரிக்கா 1919இலேயே நாடுகடத்திவிட்டது. துரத்தப்பட்டவரின் சொல்லை, துரத்திய நாட்டிலேயே, கிடைத்ததில் நல்ல தாளாகத் தேர்ந்து ஒரு தொழிலாளி அச்சிட்டார். இதை அழகியல் என்று மட்டும் சொல்லி ஒதுக்குவது அநியாயம்.

இருநூறு படிகள் எந்தத் தொழிலாளியைச் சென்றடைந்தன என்ற கேள்வி எழும். நியாயமான கேள்விதான். மக்கள் இயக்கத்துக்கு மலிவுப் பிரசுரம் வேண்டும். அந்தப் பணியை ஓரியோல் செய்யவில்லை. ஆனால் பரவலாகப் போன ஏடுகளின் கதியையும் சேர்த்தே எண்ண வேண்டும். கோல்ட்மனின் ‘மதர் எர்த்’ 1917இல் தபால் தடையால் நின்றுபோயிற்று. சந்தாவையும் தபால் சலுகையையும் நம்பிய ஏட்டின் குரல்வளையை ஓர் அதிகாரி நெரித்துவிடலாம். விற்பனையையே நம்பாத அச்சகத்தை அந்த வழியில் முடக்க முடியாது. சிறியதாக இருந்ததே அதன் காப்பு.

உண்மையான பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. விலையில்லாப் புத்தகத்தின் விலையைப் பகல்நேரக் கூலி கட்டியது. முதலாளியின் அச்சகத்தில் விற்ற நேரத்தைக் கொண்டே முதலாளியற்ற அச்சகம் பிழைத்தது. இந்த முரணை இஷில் தீர்க்கவில்லை. தனி மனிதர் எவராலும் தீர்க்கக்கூடியதும் அன்று. ஆயினும் அதை மறைத்து அவரைத் துறவியாக்கும் எழுத்துகள் அவருக்குப் பெருமை சேர்க்கவில்லை.

1964இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகம் அவரை அச்சுக்கலைஞராக அழைத்துச் சிறப்பித்தது; 1966இல் காலமானார். அவருடைய ஆவணங்கள் அங்கும் ஹார்வர்டிலும் உள்ளன. மனைவி ரோஸ் ஃப்ரீமன் இஷில் கவிஞர், மொழிபெயர்ப்பாளர். ஓரியோலின் பக்கங்களில் ரோஸின் பங்கு எவ்வளவு என்பதைத் தனியே ஆராயாமல் இந்த அச்சகத்தின் வரலாற்றை இனி ஒருவரும் எழுதக் கூடாது.