சொலிசிட்டருக்கு எந்தப் பட்டம்? 1821ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஒரு பிரிவு குறித்து

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சொலிசிட்டராக விரும்புபவர் சட்டத்தில்தான் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 2021 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள ஏற்பாட்டில் எந்தத் துறைப் பட்டமும், அதற்கு நிகரான தகுதியும் செல்லும். அதன்மேல் எஸ்.க்யூ.இ. எனப்படும் இரு கட்டத் தேர்வு, இரண்டாண்டுப் பணி அனுபவம், நன்னடத்தைச் சோதனை ஆகியவை உண்டு. இதைப் பழைய மரபின் முறிவாகக் காண்பதே சட்டக் கல்வி வரலாற்றில் பரவலான போக்கு. அந்தப் போக்கின்படி, பட்டதாரிகளுக்குப் பயிற்சிக் காலத்தைக் குறைத்த 1821ஆம் ஆண்டுச் சட்டம் பல்கலைக்கழகச் சட்டக் கல்விக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம். அங்கிருந்து 1971இன் ஆர்ம்ராட் குழு அறிக்கைவரை பாதை நேராகச் செல்கிறது. 2021 அதை அறுத்துவிட்டது. 1821ஆம் ஆண்டுப் பிரிவின் வாசகம் இந்த வரலாற்றைத் தாங்குமா என்பதே இங்கு எழும் கேள்வி.

1729ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்டர்னி அல்லது சொலிசிட்டர் ஆக விரும்பியவர் ஒரு மூத்தவரிடம் ஐந்தாண்டு ஒப்பந்த எழுத்தராக இருக்க வேண்டும். நம் கணக்குத் தணிக்கையாளர்களிடம் இன்றும் வழங்கும் ‘ஆர்ட்டிகிள்ஷிப்’ இந்த ஒப்பந்தத்தின் பெயரையே தாங்கியிருக்கிறது. 1821ஆம் ஆண்டுச் சட்டம், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டப்ளின் பல்கலைக்கழகங்களின் பட்டதாரிகளுக்கு ஐந்தாண்டை மூன்றாகக் குறைத்தது. எந்தப் பட்டம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கலை இளவர், சட்ட இளவர் ஆகிய இரண்டையும் அந்தப் பிரிவு அருகருகே வைத்து, இரண்டுக்கும் ஒரே சலுகையை அளிக்கிறது. சட்டம் படித்ததற்காகவே சலுகை என்றால் சட்ட இளவருக்குக் கூடுதலாக ஏதேனும் கிடைத்திருக்க வேண்டும். ஒரு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

அன்றைய சட்ட இளவர் பட்டம் எதைக் கற்பித்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் அது ரோமானிய உரிமையியல் சட்ட மரபைச் சேர்ந்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்துக்கு ஆக்ஸ்ஃபோர்டில் பிளாக்ஸ்டன் 1758இல் தொடங்கிவைத்த வைனர் பேராசிரியர் பதவி இருந்தது. கேம்பிரிட்ஜில் 1800இல் டவுனிங் பேராசிரியர் பதவி வந்தது. இவை விரிவுரைகளாக இருந்தனவே தவிரப் பட்டப்படிப்பாக வளரவில்லை. கேம்பிரிட்ஜில் சட்டத்துக்கெனத் தனிச் சிறப்புத் தேர்வு 1858இல்தான் வந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் வரலாற்றிலிருந்து பிரிந்து தனிப் பள்ளியானது 1872இல். நிலப் பத்திரம் எழுதவும் வழக்கு மனு தயாரிக்கவும் 1821இன் சட்ட இளவர் கலை இளவரைவிட ஆயத்தமாக வந்தார் என்று சொல்ல ஆதாரம் இல்லை. சட்டத்தைக் கற்றுத் தரும் பொறுப்பு மூத்தவரின் அலுவலகத்துடையது. பட்டம் சான்றளித்தது வேறொன்றுக்கு: ஒழுங்காகப் படிக்கப் பழகிய மனத்துக்கு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அந்தச் சலுகை கல்விக்காக அன்று, வர்க்கத்துக்காக. கனவான் வீட்டுப் பிள்ளைகளைத் தொழிலுக்குள் இழுக்கும் வழி அது என்பர். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏழைகளை வடிகட்டும் வேலையை ஏற்கெனவே வேறொன்று செய்துகொண்டிருந்தது. 1815இன் முத்திரைச் சட்டம் ஒப்பந்த எழுத்தரின் பத்திரத்துக்கு 120 பவுன் தீர்வை விதித்திருந்தது. அதைக் கட்ட முடிந்த குடும்பத்துக்குள்ளேயே பட்டதாரியையும் பட்டம் பெறாதவரையும் பிரித்துப் பார்த்ததுதான் 1821இன் பிரிவு. அந்தப் பிரிவினையை வர்க்கம் ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்க முடியாது.

1860ஆம் ஆண்டுச் சட்டம் இந்த வாசிப்பை மேலும் உறுதிப்படுத்துகிறது. சட்டத்தில் இறுதித் தேர்வு 1836 முதலே நடந்துவந்தது. 1860இல் அதற்கு முன் இரண்டு படிகள் சேர்ந்தன: பொது அறிவைச் சோதிக்கும் முதல்நிலைத் தேர்வு, சட்டத்தைச் சோதிக்கும் இடைநிலைத் தேர்வு. பட்டதாரிக்கு விலக்கு கிடைத்தது பொது அறிவுத் தேர்வில். பட்டம் எதற்கு ஈடாக எண்ணப்பட்டது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்று கிடைப்பது அரிது. பிற்காலத்தில் சட்டப் பட்டதாரிகளுக்கு இடைநிலைத் தேர்விலும் விலக்குகள் வந்தன. அவற்றைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. எனினும் அவை உள்ளே வந்தவருக்குக் கிடைத்த சலுகைகள். சட்டப் பட்டம் வாசலாக மாறவில்லை.

வாசலாக்கியது 1971தான். ஆர்ம்ராட் குழு சட்டக் கல்வியைக் கல்விநிலை, தொழில்நிலை, தொடர்கல்வி என்று மூன்றாகப் பகுத்தது. அரசியலமைப்பு, ஒப்பந்தம், தீங்கியல், நிலம், குற்றம் ஆகிய ஐந்து சட்டங்களை மையப் பாடங்களாக்கியது. சட்டப் பட்டத்தை வழக்கமான பாதையாகக் கொண்டது. வேறு துறைப் பட்டதாரிக்கும் வழி விடப்பட்டது. ஆயினும் பின்னர் ஓராண்டு மாற்றுப் படிப்பாக வடிவெடுத்த அந்த வழிக்கு, விடுபட்டதை ஈடுகட்டும் குறைநிரப்புப் படிப்பு என்ற சாயல் ஒட்டிக்கொண்டது. இரு நூற்றாண்டு வரலாற்றில் இந்த ஏற்பாட்டின் ஆயுள் ஐம்பது ஆண்டு.

எஸ்.க்யூ.இ. இந்த நிலையை மாற்றியது. முதல் கட்டத்தில் 180 வினாக்கள் கொண்ட இரு தாள்கள்; இரண்டாம் கட்டத்தில் 12 எழுத்துச் சோதனைகளும் 4 வாய்மொழிச் சோதனைகளும். எல்.எல்.பி. படித்தவருக்கும் எந்தத் தாளிலும் விலக்கு இல்லை. சட்டப் பட்டம்தான் சட்டக்காரரின் சிந்தனையைத் தருகிறது என்ற வாதத்தில் நீண்ட நேரம் நிற்கத் தேவையில்லை; வரலாறும் கணிதமும் தம் மாணவர்களைப் பற்றி அதையே சொல்கின்றன, அதே அளவு நியாயத்துடன்.

ஆகவே பள்ளி இறுதியாண்டு மாணவர் இலக்கியத்திலோ வேதியியலிலோ ஆழ்ந்த ஈடுபாடு கொண்டிருந்தால், அதைக் கைவிட்டு அரைமனத்துடன் சட்டம் எடுக்க அவரைத் தூண்டுவது தவறு. கணக்கில் கொள்ள வேண்டியவை வேறு சில. சட்டம் படிக்காதவர் 360 வினாக்களுக்குத் தேவையான பாடங்களை முதலிலிருந்து கற்க வேண்டும். பெரும்பாலோருக்கு அது இன்னும் ஓராண்டுச் செலவு. தேர்வுக் கட்டணம், 2021இல் தேர்வு தொடங்கியபோதே, இரு கட்டத்துக்குமாக 3,980 பவுனாக இருந்தது. பணி அனுபவம் நான்கு நிறுவனங்கள்வரை பகிர்ந்து பெறத்தக்கது என்பதால், படித்துக்கொண்டே சட்ட உதவி மையத்தில் பணிபுரிந்த காலமும் உரிய சான்றுறுதியோடு அதில் சேரலாம். இந்தியாவிலோ இலங்கையிலோ ஏற்கெனவே வழக்கறிஞராகத் தகுதி பெற்றவரிடம் அந்த இரண்டாண்டு கேட்கப்படுவதில்லை.

பாரிஸ்டர் தொழிலையும் மனத்தில் வைத்திருப்பவருக்குக் கணக்கு மாறும். அங்கே சட்டப் பட்டமோ மாற்றுப் படிப்போ இன்றும் தேவை. ஸ்காட்லாந்தில் வாசல் இன்னும் குறுகலானது. அங்கே சொலிசிட்டராவதற்கு ஸ்காட்டியச் சட்டத்தில் எல்.எல்.பி., பிறகு தொழில்முறைப் பட்டயம், பிறகு இரண்டாண்டுப் பயிற்சி என்பதே பெருவழி. வேறு துறைப் பட்டத்தோடு அங்கு செல்பவர், பட்டதாரிகளுக்கான இரண்டாண்டு விரைவு எல்.எல்.பி.யிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.