குருதியின் குருத்துக்கலமும் வேலூர் வைத்தியரும்

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் குருதியியல் பேராசிரியராக இருந்த அலோக் ஸ்ரீவஸ்தவா நோயாளியையும் ஆய்வுகூடத்தையும் ஒருசேரக் கவனித்த வைத்தியர். அங்கு 1986இல் மம்மன் சாண்டி தொடக்கிவைத்த என்பு மச்சை மாற்றுச் சிகிச்சையால், குருதிக் கலங்களைத் தோற்றுவிக்கும் குருத்துக்கலங்களை நோயாளியின் உடலில் ஏற்றிப் பேணும் கைத்தேர்ச்சி வளர்ந்தது. பின்னர் இந்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் அங்கு எழுந்த குருத்துக்கல ஆராய்ச்சி மையத்துக்கு ஸ்ரீவஸ்தவா தலைமை தாங்கினார்.

அவரது நீண்டகால அக்கறை ஈமோபீலியா. குருதியை உறையச் செய்யும் எட்டாம் காரணி குறைந்த பிள்ளை தடுக்கி விழுந்தால் வெளியே காயம் தெரியாது. முழங்காலுக்குள் குருதி கசிந்து மூட்டு வீங்கும், சூடேறும். இது பலமுறை நேர்ந்தால் கால் நீட்ட முடியாமல் மடங்கியே போகும். காரணியை ஊசியாக ஏற்றினால் கசிவு நிற்கும். ஆனால் அதன் பயன் சில நாட்களுக்குத்தான், விலையோ பெரிது. வசதி குறைந்த நாடுகளில் சிறிய அளவு காரணியையாவது தவறாது கொடுக்க வேண்டுமென அவர் வற்புறுத்தி வந்தார். உலக ஈமோபீலியா சம்மேளனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டியின் முதன்மை ஆசிரியரும் அவரே.

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து வேலூர்க் குழு இந்நோய்க்குச் செய்த மரபணுச் சிகிச்சையின் முடிவுகள் 2024இல் வெளியாயின. நோயாளியின் குருத்துக்கலங்களைப் பிரித்தெடுத்து, தீங்கு நீக்கிய வைரசின் மூலம் காரணியின் மரபணுவைப் புகுத்தி, மீண்டும் அவருக்கே ஏற்றினர். 22 முதல் 41 வயது வரையான ஐவருக்கும் மொத்தமாக 81 மாதக் கண்காணிப்பில், கலங்கள் நிலைகொண்டபின் கசிவு நேரவில்லை. ஐவர் என்பது சிறு தொகைதான்; ஆயினும் வாழ்நாள் முழுதும் ஊசியை நம்பியிருந்தவர்களுக்கு இது பெரும் விடுதலை.

குருத்துக்கலம் தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்வதால் புகுத்திய மரபணு நெடுங்காலம் நிலைக்கிறது. ஆனால் இந்தப் புதுப்பித்தலிலேயே முதுமையின் சிக்கலும் தொடங்குகிறது. கலம் பிரியப் பிரிய மரபணுப் பிழைகள் சேர்கின்றன. வயது ஏற ஏற, பிழையுற்ற ஒரு கலத்தின் வழித்தோன்றல்கள் குருதியில் பெருகி, இரத்தப் புற்றுநோய்க்கும் மாரடைப்புக்கும் வாய்ப்பைக் கூட்டுவதுண்டு. புகுத்திய மரபணு தவறான இடத்தில் பதிந்தாலும் இத்தகைய பெருக்கம் ஏற்படக்கூடும். ஆகவே சிகிச்சை பெற்றோரின் குருதியைப் பல்லாண்டுகள் பரிசோதித்து வரவேண்டியுள்ளது. ஏற்றுவதற்குமுன் பழைய மச்சையை அழிக்கும் கடுமையான மருந்தும் தேவைப்படுவதால், உடல் தளர்ந்த முதியோருக்கு இம்முறை எளிதில் பொருந்தாது.